பதினோராம் நம்பர் செல்வமேரி

எங்கள் பட்டறையில் செல்வமேரியிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை. கிரேன் ஓட்டும் அப்துல் ஹலீமாகிய நானும் வாங்கியிருக்கிறேன். மேலே கேபினில் உட்கார்ந்திருந்தாலும் அவள் குரல் ஏறி வந்துவிடும். "பாய், அது என்ன வாழைத்தாரா? மெல்ல இறக்குங்க!" என்பாள். வாழைத்தாரைக்கூட நான் மெல்லத்தான் இறக்குவேன், ஆனால் அவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையைச் சுற்றி முளைத்த பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று. சரக்குக் கப்பலின் எஞ்சின் மாடி வீட்டை விட உயரமாக நிற்கும். அத்தனை எடையையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தைச் செய்யும் வேலை எங்களுக்குப் புதிதாக வந்திருந்தது. முதல் சட்டம் நன்றாகப் போனால்தான் அடுத்தது கிடைக்கும். தடித்த தகடுகளைச் சூடேற்றி, சூடு குறையாமல் வெல்டிங் செய்து, முடித்ததும் சூடு தாங்கும் போர்வை போர்த்தி மெதுவாக ஆறவிட வேண்டும். யார் வெல்டிங் செய்தாரோ அவருடைய நம்பரைப் பக்கத்திலேயே இரும்பில் குத்திவிடுவோம். கப்பல் எந்தக் கடலுக்குப் போனாலும் அந்த நம்பரும் கூடப் போகும். செல்வமேரியின் நம்பர் பதினொன்று.

லால்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் வீட்டில் பிறந்தவள். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கப் போனபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நெருப்பு வேலை?" என்றாராம் அவள் தாய்மாமன். "அடுப்புல மட்டும் என்ன மாமா, தண்ணியா எரியுது?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். அவள் கணவர் சேவியருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஒருமுறை புயலில் அந்தக் கப்பலின் எஞ்சின் நின்றுபோய், அவரிடமிருந்து போனே வரவில்லை. அப்போதும் இவள் வேலைக்கு வந்தாள், ஆனால் ஒருவரையும் திட்டவில்லை. ஒரு திட்டாவது விழாதா என்று நாங்கள்தான் ஏங்கினோம். சேவியர் நல்லபடியாக வந்து சேர்ந்த பிறகு, வட்டியும் முதலுமாகச் சேர்த்துத் திட்டினாள்.

அந்த முதல் சட்டத்தின் கடைசி வெல்டிங்கை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முடித்தாள். நம்பரைக் குத்தி, போர்வையைப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனாள். பட்டறையைக் கழுவிவிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் முதலாளி வீரமலை பக்திமான். முதல் கப்பல் வேலைக்குத் தன் கையாலேயே சந்தனம் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. போர்வை அழுக்காக இருக்கிறதே என்று அதை உருவி எறிந்துவிட்டு, ஹோஸைப் பிடித்துச் சட்டத்தைக் குளிப்பாட்டிவிட்டார். புஸ்ஸென்று ஆவி என் கேபின் வரை வந்தது. "யா அல்லாஹ், சார், வேணாம்!" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? குளியல் முடிந்துவிட்டது.

திரும்பி வந்த செல்வமேரி பார்த்தாள். பளபளவென்று சட்டம், நடுவில் சந்தனமும் குங்குமமும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சூட்டுல தண்ணி பட்டா உள்ள விரிசல் விடும் சார். இது போகக் கூடாது."

"சாமி காரியம்மா. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் வீரமலை.

பூஜை அன்று காலையிலேயே சோதனைக்கு மஹ்ஜபீனை வரவழைத்தார். அல்ட்ராசோனிக் கருவியால் இரும்பின் உள்ளே பார்ப்பது அவள் வேலை. பார்த்தாள், ஒரு குறையும் தெரியவில்லை. "ஆனா சார், இந்த மாதிரி விரிசல் தாமதமாத்தான் வரும். ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துதான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள்.

"டிரெய்லர் வாசல்ல நிக்குது! லேட்டானா அடுத்த ஆர்டர் போயிடும். பாய், தூக்குங்க! கையெழுத்து பின்னாலயே வரட்டும்!"

செல்வமேரி சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "என்னையும் சேத்துத் தூக்குங்க பாய். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா ஓரங்கட்டி மெக்கானிக்கையா கூப்பிட முடியும்? கீழ எஞ்சின் ரூம்ல யாரோ ஒருத்தி புருஷன் நிப்பான் சார். என் நம்பர வச்சிக்கிட்டு இது போகாது."

நான் கிரேன் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வீரமலை கத்தித் தீர்த்துவிட்டு, பொரிகடலை கூட வாங்காமல் வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து மஹ்ஜபீன் மறுபடி பார்த்தாள். கருவியின் திரையில் கோடு குத்தென்று எழுந்தது. சந்தனப் பொட்டுக்கு நேர் கீழே, தகட்டுக்குள் முழ நீளத்துக்கு விரிசல். வீரமலைக்கு முகம் செத்துவிட்டது. அவரே போன் போட்டு, கப்பல் கம்பெனிக்காரர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். செல்வமேரி தன் வெல்டிங்கைத் தானே வெட்டி எடுத்தாள்.

"உன் நம்பரும் சேந்து போகுதேம்மா" என்றார் வீரமலை.

"போனா என்ன சார்? திரும்பக் குத்திக்கிட்டாப் போச்சு."

சட்டம் தாமதமாகத்தான் போனது. அடுத்த ஆர்டர் வந்தபோது, முக்கியமான இணைப்புகளைப் பதினோராம் நம்பர்தான் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க எங்களைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினாள்.

மறுவருஷம் ஆயுத பூஜைக்கும் புதுச் சட்டம் ஒன்று போர்வைக்குள் ஆறிக்கொண்டிருந்தது. மற்ற மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. பொரிக்காகப் பட்டறையே பசியோடு நிற்க, வீரமலை சந்தனக் கிண்ணத்துடன் போர்வை ஓரமாகக் காத்திருந்தார்.

"ஆறிடுச்சாம்மா?"

"இன்னும் கொஞ்சம் பொறுங்க சார்."

நல்ல நேரம் தாண்டிப் போனது. அவர் கிண்ணத்தோடு அங்கேயே நின்றார். கடைசியில் செல்வமேரி போர்வையை விலக்கி, இரும்பின் மேல் வெறுங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இப்ப வைங்க சார்."

வீரமலை குனிந்து, பதினொன்று என்று குத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தார்.