குக்கா அக்காவின் சிவப்புக் கோடு

கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரின் தண்டை இரண்டே விரலால் சுற்றுகிறார் குக்கா அக்கா. மீட்டரெல்லாம் அப்புறம்தான். "பேரிங் கரகரங்குது. தூக்கிட்டு வர்றப்ப கீழ போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். கொண்டுவந்தவன் தலையைச் சொறிவான்.

முழுப்பெயர் ரெஃபூஹியோ வியசென்யோர். மெக்சிகோவின் தொரெயோன் ஊரில் எங்கள் பால் ஆலையின் சர்வோ மோட்டார்களுக்கு இருபத்தாறு வருடமாக வைத்தியம் பார்க்கிறவர். மேஜையில் ஸ்பேனர்களுக்கு நடுவே சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்று நிற்கும். அது விரலுக்கு அல்ல. மோட்டாரின் பின்பக்கம் உள்ள என்கோடரைக் கழற்றும்முன், அதையும் மோட்டாரையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். திரும்பப் பூட்டும்போது கோடு சேர வேண்டும். சேராவிட்டால் ஏசி மோட்டார் தறிகெட்டு ஓடும்.

"போகச் சொன்ன எடம் ஒண்ணு, நிக்கிற எடம் ஒண்ணு. நிக்கிற எடத்த என்கோடர் சொல்லும். வித்தியாசம் தீர்ற வரைக்கும் டிரைவ் பெட்டி மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கும். அவ்வளவுதான் ராசா" என்பார், கொர்தித்தா ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

இப்போது வருவதில் பெரும்பாலும் காந்தம் வைத்த ஏசி மோட்டார். பெரிய இயந்திரங்களில் காந்தமில்லாத இண்டக்‌ஷன் வகையும் உண்டு. பொம்மை விமானத்துக்குள் அரைவட்டம் மட்டும் திரும்புகிற குட்டி சர்வோவை அவர் மோட்டாராகவே மதிப்பதில்லை. மனசெல்லாம் பழைய டிசி மோட்டாரிடம்தான். அதில் கார்பன் பிரஷ் தேய்ந்து கறுப்புப் பொடி கொட்டும், பழுதாகும்முன் பொறி பறக்கும். "அது சொல்லிட்டுப் போச்சு. இதுங்க சொல்லாம கொள்ளாம போயிடுதுங்க" என்பார். அந்தக் கரி வாசனைக்கு நானும் ஏங்குகிறேன்.

ஏசி மோட்டார்கள் வந்திறங்கிய வருடம், நான் ஆபரேட்டர். பெட்டி அடுக்கும் இயந்திரம் நின்றதும், பெரிய கெட்டிக்காரன் மாதிரி என்கோடரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். கோடு போடவில்லை. பழைய டிசியில் இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது. இதுவோ ஓடவிட்டதுமே பாய்ந்து போய் இயந்திரத்தின் கையையே வளைத்துவிட்டது. ஆபரேட்டர் மோட்டாரைத் திறந்தால் அன்றே வேலை போய்விடும். என் மகள் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

குக்கா அக்கா ஓடிவந்து பார்த்தார். திட்டவில்லை. மோட்டாரின் பின்மூடியில் என் ஐந்து விரலும் கிரீஸில் அப்படியே பதிந்திருந்தன. யார் திறந்தது என்று கேட்டபடி இன்ஜினியர் ஒலிவாரெஸ் படியிறங்கி வருவது கேட்டது.

அக்கா கிரீஸ் டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்து, என் விரல் தடத்தின்மேல் தன் கையை அழுத்திப் பதித்தார்.