கடைசிப் பக்கத்துப் பென்சில் வரிகள்

புத்தகம் படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஓரிரு வரி எழுதுவேன். பிறகு, ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன். இந்த வருடம் மூன்று புத்தகங்கள் போயின. ஏலக்காய் மலைகளின் வரலாறு ஒன்று: 'தகவல் ஏராளம், மனிதர்களைத்தான் காணோம்.' ஒரு மருத்துவரின் தன்வரலாறு: 'தற்பெருமை தாங்கவில்லை. நோயாளிகள் பேசும் இடங்கள் மட்டும் பரவாயில்லை.' எங்கள் பள்ளத்தாக்கில் நடக்கும் ஒரு நாவலுக்குத்தான் தாராளமாக எழுதியிருந்தேன்: 'நம் மண்ணை அச்சு அசலாகக் காட்டுகிறது.'

போன ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு வந்த அக்கா, நாவலைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது.

"இதுல கவாத்து பண்ணுன மறுமாசமே பழம் பறிக்கிறாகடா. கொடிய வெட்டிவிட்டா பழம் வர நாலு மாசம் ஆகும்ல?"

"கதைதானக்கா. எழுதுனவரு மெட்ராஸ்காரரு, விடு."

"அவுக மெட்ராஸு, சரி. நீ நம்ம தோட்டத்துலதான வளந்த?"

அவள் பஸ் ஏறிப் போனபின் ரப்பரைத் தேடி எடுத்தேன். 'அச்சு அசலாக' என்பதை மட்டும் அழித்தேன்.