ஏரியைப் பார்த்த மாப்பிள்ளை

லோகநாதன் பெண் பார்க்க வந்த அன்று நடந்த பேச்சு செங்கம்மாளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

“ஆடி பொறக்கறதுக்குள்ள கல்யாணத்த முட்ச்சிடலாமா?” என்று அவன்தான் ஆரம்பித்தான்.

“இன்னாத்துக்குப்பா இவ்ளோ அவசரம்?” என்றாள் செங்கம்மாளின் அண்ணி தாயாரம்மாள்.

“சீட்டு போடப் போறாங்கோ அக்கா. பொண்டாட்டி கீறவனுக்குத்தானே ஏரில பங்கு?”

“அப்போ நீ பொண்ணப் பாக்க வர்ல. பங்கப் பாக்க வந்துகீற!”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தபடியே வாசலுக்கு வெளியே பழவேற்காட்டு ஏரியைப் பார்த்தான். செங்கம்மாளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மீனவர் குப்பத்து வழக்கம் அது. கல்யாணமான ஆணுக்கே ஏரியில் வலை போடும் உரிமை. யாருக்கு எந்த இடம் என்று ஆண்டுக்கொரு தரம் சீட்டு. அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால், ‘இங்கே எவள் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பான்’ என்று அவள் உள்ளே ஏதோ சொன்னது. தட்டு மாற்றப்போகும் நேரத்தில், “எனக்கு வேணாம் அண்ணி” என்றாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. “கொழுப்பு” என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளோடு பேச்சு குறைந்தது. புதுவாயல் கூட்டு ரோட்டுக்கு மீன் விற்க வந்தவள், அங்கேயே ஓர் அறை பார்த்துத் தங்கிவிட்டாள். ஒருத்திக்கு வைத்த குழம்பு எப்போதும் மிஞ்சியது. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பார்கள். மறுநாளும் அவள் ஒருத்திதான்.

லோகநாதன் கனகாம்பாள் என்பவளைக் கட்டினான். அவளுக்குப் பிரசவத்தில் உயிர் போகிற நிலை வந்தபோது, அழுதுகொண்டே தானே படகைத் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினானாம். அதைக் கேட்ட அன்று செங்கம்மாள் மீன் விற்கக் கூடையைத் தூக்கவில்லை.

1976-இல் ஒருநாள், வழக்கமாக மீன் வாங்கும், அவள் கதை தெரிந்த பள்ளிக்கூடத்து டீச்சர் குணசுந்தரி தயங்கி நின்றாள்.

“மாப்பிள்ளை வீட்டுக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்க்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசு மட்டும் வேணாங்குது. நீங்க அன்னைக்கு வேணாம்னது சரிதானா?”

செங்கம்மாள் எறா உரித்துக்கொண்டே இருந்தாள்.

“தெர்ல டீச்சர். அவன் நல்லவன்தான். ஆனா அன்னிக்கு எனக்குள்ள கேட்டதும் பொய்யில்ல.”

எறாவை இலையில் கட்டிக் கொடுத்தாள். குணசுந்தரி நாலடி போனதும் செங்கம்மாள் கூப்பிட்டாள்.

“டீச்சர், நீ இன்னா சொன்னாலும் சரி. நாளைக்கு சாயந்தரம் வந்து, ஏன் அப்டி சொன்னேன்னு எங்கிட்ட சொல்லு. அப்பறம் என்னையும் ஒருவாட்டி ஏன்னு கேளு.”