எட்டே கால் வண்டி

இருட்டினால்தான் படம் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் யாரிடமும் பேரம் பேச முடியாது. தேன்கனிக்கோட்டை சாலையில் இருக்கும் அந்த ஊரில் ஏழு மணிக்கு முன்னால் திரையில் எதைப் போட்டாலும் வெளுத்துத்தான் தெரிந்தது. எட்டே காலுக்கோ, நைட் ஷிப்ட் பெண்களை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்துவிடும். படம் ஒன்றே முக்கால் மணி நேரம். கூட்டிப் பார்க்கத் தெரியாதவனா நான்? நானும் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து தொழிற்சாலைக்குப் போகிறவன்தான். ஆனால் ஜெனரல் ஷிப்டுக்கு மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேன் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

நண்பர் ஒருவரும் நானும் லீவு நாட்களில் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இலவசமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஊருக்கென்று தேர்ந்தெடுத்த படம், பிறந்த வீட்டில் தன் பங்கைக் கேட்டு வரும் ஒருத்தியின் கதை. அண்ணன்மார் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். வேலைக்குப் போகும் பெண்கள் பார்க்கட்டும் என்றுதான் அதைப் போட்டோம்.

முதல் நாள் ஏழு மணிக்கு எல்லாம் தயார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். கரண்ட் கொடுத்த வீட்டுக்காரருக்கு நன்றி, ஜமக்காளம் கொடுத்தவருக்கு நன்றி. அதையே தெலுங்கில் ஒரு முறை சொன்னார். முடிந்தது என்று நான் எழுந்தால், கன்னடக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களாம், அவர்களுக்கும் ஒரு முறை. படம் தொடங்கும்போது மணி ஏழரை. கதாநாயகி பத்திரப்பதிவு அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. முன்வரிசைகள் மொத்தமாக எழுந்தன. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக ஒரு பெண் மட்டும் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனாள்.

"சார், அவளுக்கு வூடு கெடைக்குமா, கெடைக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"அடுத்த வாரம் வந்து பாருங்க. கதையைச் சொல்லிட்டா படம் கெட்டுப்போயிடும்" என்றேன், வாத்தியார் மாதிரி.

அடுத்த வாரம் இடைவேளையிலிருந்து போடுவதாகத் திட்டம். போட்டோம். ஐந்து நிமிடத்தில் ஒருத்தி கேட்டாள், "யாருங்க இந்தப் பொம்பள? எதுக்குப் பூட்டப் புடிச்சி இழுத்துக்கிட்டு நிக்கிறா?" அப்போதுதான் முகங்களைப் பார்த்தேன். வேறு ஆட்கள். ஷிப்ட் மாறியிருந்தது. போன வாரம் வந்தவர்கள் எல்லாரும் இப்போது செகண்ட் ஷிப்டில், தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டோம். எட்டே காலுக்கு இவர்களையும் வேன் அள்ளிக்கொண்டு போனது. பாதிப் படம் பார்த்தவர்கள் ஊரில் இரண்டு மடங்கு ஆனதுதான் மிச்சம்.

டிரைவரிடம் கெஞ்சினேன். அரை மணி நேரம் தாமதித்தால் என்ன என்று கேட்டேன். "லேட்டானா அவுங்களுக்கு அரை நாள் போவும், எனக்கு வண்டியே போயிடும். நீங்களும் கம்பெனிலதான சார் இருக்கீங்க?" என்றார்.

மூன்றாவது வாரம் பழைய பெண்கள் மறுபடி நைட் ஷிப்டுக்கு வந்தார்கள். பெரியவர் கையில் மைக்கே கொடுக்கவில்லை. ஏழு மணிக்கு இடைவேளையிலிருந்து தொடங்கினால் எட்டுக்குள் முடிந்துவிடும். முடிவைக் கேட்ட அந்தப் பெண் முன்வரிசையில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவிட்சைப் போட்டேன், கரண்ட் போனது. காட்டோரம் யானை இறங்கியிருக்கிறதாம், கம்பியில் பட்டுவிடக் கூடாதென்று லைனை நிறுத்திவிட்டார்களாம். யானையைக் கோபித்துக்கொள்ள முடியுமா? லைன்மேனையும் முடியாது. நண்பர் மேல் எரிந்து விழுந்தேன்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. கால் மணி நேரம் ஓடியது. ஹாரன்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் வேனில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லக் கூடாது என்று நான் காப்பாற்றி வைத்திருந்த முடிவைக் கொட்டினேன். "கிடைக்கல. பூட்டின வீட்டு வாசல்ல பையை வச்சிட்டு உட்கார்ந்துடுறா. அதோட படம் முடியுது."

"ஒக்காந்துடுறாளா?" என்றாள். "இதுக்கா சார் மூணு வாரமா சொல்லாம இருந்தீங்க?"

வேன் போய்விட்டது. அந்த முடிவுக்காகவே நான் அந்தப் படத்தை அவ்வளவு நேசித்திருந்தேன். வாசலில் அவள் உட்கார, திரை மெல்ல இருளும்போது ஒரு சத்தமும் இருக்காது. ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்திச் சொன்னபோது அது ஒன்றுமே இல்லாமல் போனது. வெட்கமாக இருந்தது.

மறந்துவிட்டு வந்த ஒயரை எடுக்க இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் போனேன். டீக்கடைக்கார அம்மா எங்கள் படத்தின் பக்கமே வராதவர். டீயை நீட்டிக்கொண்டே, "நல்ல படமாமே சார்? கல்ல எடுத்துப் பூட்ட ஒடச்சிட்டு உள்ள போயி அடுப்பு பத்த வெக்கிறாளாமே" என்றார்.

"இல்லைங்க. அவ வாசல்லயே உட்கார்ந்துடுறா."

"நீங்க அவசரத்துல மாத்திச் சொல்லிட்டீங்களாம். அந்தப் பொண்ணுதான் வேன்ல எல்லாருக்கும் சரியாச் சொல்லுச்சாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. படம் என் பையில்தான் இருந்தது, முதலிலிருந்து முடிவு வரை. போட்டுக் காட்டி நிரூபித்துவிடலாம். வெளியே பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. இருட்ட இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.