மதினி சந்தேகப்பட்டு வாங்கிய மாடி

விளாத்திகுளத்தில் வத்தல் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு, தொண்ணூறு வயதை எட்டப் போகையில் சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த என் மதினி அவர்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொல்லி அவர்கள் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். நான் மதினியின் நாத்தனார். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். கூட்டத்தில் பேசுகிற வழக்கமும் கிடையாது. ஆனால் மதினி எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் கூட இருந்து பார்த்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

மதினியைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாத உறவு இல்லை. அவர்கள் தகப்பனார் கடைக்கு வருகிற வத்தல் மூட்டைகளில் மேலே நன்றாகக் காய்ந்தது இருக்குமாம், அடியில் ஈர வத்தல் இருக்குமாம். சின்னப் பிள்ளையிலேயே மூட்டைக்குள் தோள் வரை கையை விட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்க்கிற வேலை மதினிக்கு. அந்தக் கை கடைசி வரை ஓயவில்லை. பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போனபின் விரலில் தொட்டுப் பார்ப்பார்கள். துணிக்கடையில் சேலையை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். நான் ஒரு முறை தலைவலி என்று படுத்திருந்தபோது, நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கஷாயம் வைத்தார்கள்.

அண்ணன் துறைமுகத்தில், கப்பலுக்குத் தோணியில் சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அது யுத்த காலம். பல குடும்பங்கள் சேர்ந்து இருந்த ஒரு வளவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அண்ணன், மதினி, எங்கள் அம்மா, நான். நடுவில் கொடி கட்டி ஒரு பழைய சேலையைப் போட்டிருந்தோம். அதுதான் சுவர். சேலைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் இருமல். வாசலுக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவான கிணற்றடி, விடிவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடும். மதினிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, உடம்பில் குறை ஒன்றும் இல்லை, இந்தப் பிள்ளை உறங்குவதே இல்லை, அதுதான் குறை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை உண்டானபோது மதினி அண்ணனிடம் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு ரூம் வேண்டும், இல்லாவிட்டால் விளாத்திகுளம் போய்விடுவேன் என்று சொன்னார்கள். போனால் திரும்பி வருவார்களா என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் அன்று சாப்பிடாமல் வேலைக்குப் போனார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து துறைமுகத்துப் பக்கம் இருந்தவர்கள் பலர் ஊரைக் காலி செய்த நேரம் அது. தரகர் ஒருவர் ஒரு மாடி வீட்டைக் கொண்டுவந்தார். காயல்பட்டினத்திலிருந்து வந்து முத்து வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. முத்துக்குளிப்பு நின்று பல வருடம் ஆகி, வியாபாரமும் நொடித்து, கீழ் வீட்டைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு மாடியை மட்டும் விற்கிறார்கள் என்றார். விலை ரொம்பக் குறைவு. அம்மாவுக்கு அதைக் கேட்டதுமே பிடிக்கவில்லை. மண்ணில்லாமல் அந்தரத்தில் ஒரு வீட்டை யாராவது கிரயம் பண்ணுவார்களா என்று கேட்டார்கள்.

எல்லாரும் போய்ப் பார்த்தோம். மாடிப்படி தெருவிலிருந்தே தனியாக ஏறியது. ஒரு கூடம், ஒரு அடுப்படி, கடைசியில் ஒரு சின்னப் படுக்கை அறை. கட்டில் போட்டால் நிற்க இடம் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறை மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது. கதவின் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. உள்ளே இல்லை. ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே, நெருக்கமான கம்பிவலை அடித்து. நிலைப்படி முழங்கால் உயரம். மூலைகளையெல்லாம் சுண்ணாம்பு வைத்து வழவழவென்று மழுக்கியிருந்தார்கள். மதினி செம்பில் தண்ணீர் வாங்கிக் கீழே ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் நாலு பக்கமிருந்தும் ஓடி அறையின் நடுவில் வந்து நின்றது.

தரகர் சாமான் அறை என்றார். சொல்லும்போது அவர் மதினியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். “பைத்தியத்தைப் பூட்டி வச்ச ரூம்ளா அது. இல்லன்னா பொணத்தக் குளிப்பாட்டின ரூம். வயித்துப் பிள்ளைக்காரிய அங்கன கொண்டு போகவா?”

மதினி அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னார்கள். “குளிப்பாட்டினா தண்ணி போக ஓட்ட வேண்டாமா அத்தை? ஒரு ஓட்ட கூட இல்ல. பைத்தியத்துக்கு எதுக்கு மூலைய வழிச்சு வைக்கணும்? இது வேற என்னமோ. அந்த ஆளு பொய் சொல்லுதான், ஆனா நீங்க நெனைக்கிற பொய் இல்ல.”

அண்ணன் இந்த வீடே வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள். வேறு வீடு அந்த விலைக்கு இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பகலில் அண்ணன் வேலைக்குப் போன பிறகு, மதினி அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே கீழ் வீட்டுக்குப் போனார்கள்.

அங்கே வீட்டுக்காரரின் மனைவி இருந்தார்கள். மதினியை விட ஒரு பத்து வயது மூத்தவர்கள். அவர்கள் வீடுகளில் அக்காளைக் கூப்பிடுகிற மாதிரி, அன்று முதல் நாங்கள் எல்லாரும் லாத்தா என்றே கூப்பிட்டோம். ஆண்கள் முன்னால் வருகிற வழக்கம் இல்லாததால், தரகர் சொன்னதைத் தவிர வீடு பார்க்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் சாமான் அறை என்றுதான் சொன்னார்கள்.

“சாமான் ரூமுக்கு வெளிய எதுக்கு தாப்பா? சாமான் எந்திரிச்சு நடந்து போயிருமா?” என்று மதினி கேட்டார்கள்.

லாத்தா முகத்தில் சிரிப்பு வந்து, அப்படியே நின்றுபோயிற்று. மதினியை மேலும் கீழும் பார்த்தார்கள். “நீ வீடு வாங்க வந்தியா மவளே, இல்ல எங்க வீட்டத் தோண்ட வந்தியா?”

இந்த அம்மாளுக்கு எங்கள் மேல் எதற்குச் சந்தேகம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மதினிக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்கள். “நான் எதையும் தோண்ட வரல லாத்தா. எனக்கு உள்ள ஒரு தாப்பா போட்டுக்கிட்டு ஒறங்கணும். ரெண்டு போயிருச்சு. இது தங்கணும்.”

லாத்தா எங்களை உட்காரச் சொன்னார்கள். பிறகுதான் விஷயம் வந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துக்குத் துளை போடுகிற ஆட்கள் அந்த அறைக்குள் இருந்துதான் வேலை பார்ப்பார்களாம். லாத்தாவின் மாமனார் காலையில் அவர்களை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். கை தவறி விழுகிற முத்து மூலையில் ஒளியாமல் நடுவுக்கு உருண்டு வரத்தான் தரையை அப்படிப் போட்டிருந்தது. தண்ணீர் ஓட்டை வைத்தால் முத்து அதன் வழியாகப் போய்விடும். இதைச் சொன்னால் வாங்க வருகிறவன் முத்துக்கு ஆசைப்பட்டுத் தரையைப் பேர்த்துவிடுவான், கீழே இருக்கிற எங்கள் தலையில்தானே விழும் என்றார்கள் லாத்தா.

அம்மா நம்பினார்கள். மதினி நம்பவில்லை.

“ஆம்பளைங்க பகல் பூரா அதுக்குள்ள இருந்தாங்கன்னா காத்து வரணும். வரலன்னா நீங்க சொல்லுதது பொய். நான் உள்ள போறேன். நீங்க வெளிய தாப்பா போடுங்க. நான் தட்டினா தொறங்க.”

அம்மா கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. எல்லாரும் மாடிக்கு ஏறினோம், மதினி அந்த அறைக்குள் போனார்கள். லாத்தா தாழ்ப்பாளைப் போட்டார்கள். போட்டுவிட்டுக் கையை அதிலிருந்து எடுக்கவே இல்லை. நாங்கள் கூடத்தில் நின்றோம். மதினி தட்டுவார்கள், தட்டுவார்கள் என்று பார்த்தோம். சத்தமே இல்லை. அம்மா கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு லாத்தாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. லாத்தாவுக்கும் முகம் வெளுத்துவிட்டது.

கதவைத் திறந்தோம். மதினி முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார்கள். மேல் ஜன்னலிலிருந்து கடல்காற்று அவர்கள் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மதினி அப்படி உறங்கி நான் பார்த்ததில்லை. அம்மா எழுப்பப் போனார்கள். லாத்தா உதட்டில் விரல் வைத்துத் தடுத்துவிட்டார்கள். விழிக்கும்வரை நாங்கள் மூவரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்த மாடியை அண்ணன் மதினியின் நகைகளை விற்று வாங்கினார்கள். பத்திரத்தை மதினி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாளே தச்சர் வந்து தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்துவிட்டார். மதினியின் மூத்த மகள் அந்த அறையில்தான் பிறந்தாள். அவளுக்குப் பின் இரண்டு ஆண்பிள்ளைகள்.

முத்து கிடைத்ததா என்று கேட்காத உறவு இல்லை. லாத்தாவே கீழே இருந்து கேட்பார்கள். கிடைத்தால் பாதி எனக்கு என்பார்கள். “கெடச்சா ஒங்ககிட்ட சொல்லுவேனாக்கும்?” என்பார்கள் மதினி. பெருக்கின தூசியைக் கொட்டுமுன் மதினி ஒரு தரம் விரலால் கிளறிப் பார்ப்பது எனக்குத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

அண்ணன் காலமானபின் மதினி தைரியம் விடவில்லை. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கத் தாமே நாசரேத்துக்குப் பஸ் ஏறிப் போய் வந்தவர்கள் அவர்கள்தான். அதன் பலனை இத்தனை வருடம் நிம்மதியாக நான் அனுபவித்தேன். கடைசி மாதங்களில் மாத்திரையைக் கூட அட்டையைப் பார்த்தபிறகே விழுங்கினார்கள். அதைப் பொறுத்துக்கொண்ட டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்ணுக்கும், முத்தையாபுரத்திலிருந்து தினமும் வந்துபோன பேரன்களுக்கும், தூரம் பாராமல் வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. மதினி என்னைக் கிட்டே கூப்பிட்டு, நான் போனபின் மாடியில் கிடத்தினால் சனங்கள் நிற்க இடம் இருக்காது, கீழ் வீட்டில் கேள், வேறு யாரிடமும் கேட்காதே என்று சொல்லியிருந்தார்கள். லாத்தா காலமாகி வெகுநாள் ஆயிற்று. இப்போது இருப்பது அவர்கள் மகளும் மருமகனும். எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டே, மதினி போன அன்று காலை நான் படி இறங்கினேன். அவர்கள் நாற்காலி, மேசையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.