கோட்டைச் சுவரில் பூசிய சீமெந்து

சுவிஸில் பாசல் நகருக்கு வெளியே, ட்ராம் முடிகிற இடத்திலிருந்து காட்டுக்குள் ஏறினால் ஒரு இடிந்த கோட்டை இருக்கிறது. பல நூறு வருஷத்துக் கட்டடம். அதைத் திருத்துகிற வேலையில் நானும் அண்ணையும் இருந்தோம். சொந்த அண்ணன் இல்லை. யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், வீடு கட்டும் மேசனாக இருந்தவர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் உண்டு, படம் உண்டு.

"எங்கட வீட்டைப் புல்டோசராலை தள்ளினவங்கள். ஒரு கல்லுக்காவது இலக்கம் போட்டவங்களோ?" என்று அண்ணை சிரிப்பார். எனக்கு எரியும்.

சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும் என்பது ஷெஃப்பின், அதாவது எங்கள் முதலாளியின், கட்டளை. அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வர அரசாங்கம் விடவில்லை. ஒரு பை கிடைக்காமல், கட்டிய வீடுகளைப் பாதிச் சுவரோடு விட்டவர் அவர். அவருக்குச் சீமெந்தை விடப் பெரிய மருந்து இல்லை.

ஒரு இலையுதிர் காலம் சுவரின் மேல்பக்கத்துச் சாந்து கழன்றது. மழை வரப் பார்த்தது. ஷெஃப் இல்லை. சாரக் கால்களுக்கு அடியில் போட வைத்திருந்த சீமெந்தை அண்ணை குழைத்தார்.

"ஷெஃப் ஏசுவார், அண்ணை."

"ஏசட்டும். வாளியைத் தூக்கடா, விசரா. இது இனி அசையாது."

தூக்கினேன்.

சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது. பனிக்காலத்தில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து நாலு கல் வெடித்தது. யார் செய்தது என்று ஷெஃப் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான். இவனுக்கு ஒண்டும் தெரியாது" என்றார் அண்ணை. அன்றோடு அவரை நிறுத்தினார்கள். அறுபதை நெருங்குகிற மேசனுக்கு இங்கே எவன் வேலை கொடுப்பான்? நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. கோழை.

பனி கரைந்ததும் அந்தச் சீமெந்தைக் கொத்தி எடுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். சின்ன உளி. கல்லில் கீறல் விழக் கூடாது. அண்ணையின் கரண்டித் தடம் அப்படியே இருந்தது. அதைத்தான் கொத்தினேன்.

முடித்த அன்று அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"கழட்டிப் போட்டியோ?"

"ஓம்."

"எத்தினை நாள் எடுத்தது?"

"மூண்டு கிழமை."



"அப்ப நல்லாத்தான் பூசியிருக்கிறன்" என்றார்.