மின்விசிறி ஓடிய மார்கழி

மார்கழி பாதி கடந்தும் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது கரண்டு பில் சமாசாரம். எனக்கோ அது இன்னும் குளிர் வரவில்லை என்ற கணக்கு. விடியற்காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். கம்பி ஜில்லென்று இருந்தால் கொஞ்சம் உயிர் வரும். இல்லையென்றால் காப்பிகூட உள்ளே இறங்காது.

காரணம், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அப்பா எனக்கென்று விட்டுப்போன மாந்தோப்பு. எல்லாம் சப்பட்டை ரக மாமரங்கள். இரண்டு வருஷமாகச் சரியாகப் பூக்கவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து தோப்பைக் கவனிக்கும் என் கணவர் கார்த்திகையிலேயே சொல்லிவிட்டார்.

"இந்த வருசமும் பூக்கலைன்னா பொங்கல் கழிஞ்சு அறுத்துப்புட்டுத் தென்னைய வச்சிருவோம். மெஷின்காரன்ட்ட சொல்லியாச்சு."

அவர் சொன்னதில் என்னால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே பயம் கூடியது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம். குளிர்நாட்டுக் கோதுமையைப் பற்றி வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். பூக்காதே என்று தடுத்து நிற்கும் மரபணு ஒன்று அதில் உண்டு. வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அதன் கொட்டம் அடங்கும், பிறகுதான் கதிர். மாமரத்துக்கு அவ்வளவு கடுங்குளிர் வேண்டாம். இரவுகள் தொடர்ந்து குளிர்ந்தால் முற்றிய இலைகளில் ஒரு மரபணு வேலையைத் தொடங்கும். அது செய்யும் புரதம் கிளை நுனிக்குப் போய், இலை போதும், பூ விடு என்று சொல்லும். குளிராவிட்டால் அந்தச் சேதி கிளம்பவே கிளம்பாது.

"டீச்சர், குளிருதுன்னு இலைக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அதெல்லாம் தெரியும்மா" என்று பாடத்தை முடித்தேன். தெரிய வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவள் நான்.

வீட்டில் இதைப் பேச ஆள் கிடையாது. பனிமலையில் துப்பாக்கியோடு காவல் நின்றவரிடம் போய்க் குளிருகிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? "ஏட்டி, இதெல்லாம் ஒரு குளிரா?" என்று ரெகுலேட்டரை இன்னும் ஒரு புள்ளி கூட்டுவார். அவர் போர்வை கேட்கிற அளவுக்குக் குளிர் ராஜபாளையத்துக்கு வரப்போவதில்லை.

ஒருவழியாக மலைக்காற்று இறங்கியது. அடுத்தடுத்துப் பல விடியல்களில் கம்பியைத் தொட்ட விரல் சுருங்கியது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். படித்தவள்தான், இருந்தாலும். மார்கழி முடியும் தறுவாயில் கிளை நுனிகள் உப்பின. ஆனால் உப்பிய நுனிக்குள் இருப்பது இலையா பூவா என்பதை வெளியிலிருந்து பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ஒருநாள் பள்ளி விட்டு வந்து நேரே தோப்புக்குப் போனேன். மரத்துக்கு மரம் பாத்தியில் தண்ணீர் நின்றது. அடைமழை ஓய்ந்த பிறகு பூ கண்ணில் தெரியும்வரை மாமரத்தைக் காயப்போட வேண்டும். தண்ணீர் கண்டால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளிவிடும். எங்கள் பக்கம் இது தெரியாதவர்கள் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த கணவரிடம் பாய்ந்தேன்.

"யாரக் கேட்டுத் தண்ணி விட்டீங்க?"

"எல வாடித் தொங்குதுல்லா. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"அறுக்கப் போற மரத்துக்கு என்ன பாவம்?"

அவர் மண்வெட்டியைப் பாத்தி வரப்பில் ஊன்றினார். "கோயில்ல ஆட்டு மேலயே தண்ணி ஊத்தி, அது துலுக்குன பொறவுதான வெட்டுதோம். இது உங்க அப்பா வச்ச மரம். தாகத்தோட அறுக்கச் சொல்லுதியா?"

தண்ணீர் பட்டு ஆடு உடம்பை உதறினால் சாமிக்குச் சம்மதம், அடுத்த நொடி அரிவாள் இறங்கிவிடும். சின்ன வயதில் கோயில் கொடை விழாவில் அந்த நொடிக்குக் கண்ணை மூடிக்கொள்வேன். இவர் மனதில் மரங்கள் அறுபட்டே விட்டன என்று புரிந்தது.

மறுநாள் இரண்டு நுனிகளைக் கிள்ளிக் கைக்குட்டையில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். பார்க்கத் துணிவில்லை. பையில் வைத்துக்கொண்டே மதியம்வரை பாடம் நடத்தினேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஆய்வகத்தில் பிளேடால் ஒன்றை நெடுக்காக வகுந்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. ஒவ்வொரு செதிலின் கக்கத்திலும் கடுகைவிடச் சிறிய முண்டுகள். பூக்கிளைகள். இன்னொன்றை வகுந்தேன். அதிலும் அதேதான். குளிர் தன் சேதியைச் சொல்லி முடித்த பிறகுதான் இவர் மோட்டாரைப் போட்டிருக்கிறார். கொஞ்சம் முந்தியிருந்தால்? ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

போனில் சொன்னதை அவர் நம்பவில்லை. "லென்சுல பூத்தா ஆச்சா? கண்ணுல பூக்கட்டும்" என்றார். பொங்கல் கழிந்து தை பாதியில் மெஷின்காரர் வந்து நின்றபோது மலைப்பக்கத்துக் கிளைகளிலெல்லாம் செம்மஞ்சளாய்ப் பூங்கொத்து. வந்தவர் மரம் அறுக்கும் மெஷினைக் கீழேகூட இறக்கவில்லை.

"பூத்த மரத்துல கை வைக்க மாட்டேண்ணே" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோடையில் மரங்கள் நன்றாகவே காய்த்தன. கணவர் பழம் தின்றுகொண்டே, இனி அறுக்கிற பேச்சே கிடையாது என்றார்.

இதோ மறுபடியும் மார்கழி. இன்று விடியலில் மின்விசிறிச் சத்தம் நின்றுபோனதில் விழித்தேன். கணவர் ஜன்னலருகே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இங்க செத்த வா. எனக்குத்தான் குளிரே தெரியாதே. நீ தொட்டுப் பாத்துச் சொல்லு."

போய்த் தொட்டேன். அவர் பிடித்திருந்த இடத்தில் கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.